நான் கழற்றிய பச்சை ஒயர்

சூசை,

பார்சலைப் பிரித்து ஒயர்களை வெளியே எடுத்திருப்பாய். எடுத்ததில் தப்பில்லை, ஆனால் எதையும் எதிலும் செருகாதே. இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி. அதற்குப் பிறகும் உன் அப்பன் கையால் செய்த ஒயரில் வாசிக்க உனக்கு மனம் வந்தால் செருகிக்கொள். வராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு பம்பாயிலேயே வேறு வாங்கு. எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் இதில் எழுதியிருக்கிறேன்.

நீ பம்பாயில் கிட்டார் வாசிக்க ரயிலேறிப் போய் இன்றோடு பதினெட்டு நாள். அன்றைக்கு ஸ்டேஷனில் உன்னை வழியனுப்ப நானும், உன்னோடு டிரம்ஸ் வாசிக்கிற கனியும் நின்றோம். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிட்டார் சத்தத்தை மாற்ற நீ காலால் மிதிக்கிற, பலகையில் ஆணியடித்து வைத்திருக்கும் ஐந்து பெடல்களுக்கும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக ஆறு சின்ன ஒயர் வேண்டும், இரண்டு உபரியாக இருக்கட்டும் என்றாய். கனி, "பம்பாயில கிடைக்காதால?" என்று கேட்டான். நீ சிரித்தாய். "ஏலே, எங்கப்பா ஒயர் போட்டா கப்பலே ஓடும். அவுக செஞ்சதுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு மிதிப்பேன்" என்றாய். கம்பியைப் பிடித்திருந்த உன் இடது கையில் நடு விரலிலும் மோதிர விரலிலும் அந்த வெள்ளைத் தழும்புகள் என் கண்ணுக்கு நேராக இருந்தன. அன்று உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தேன். விசில் ஊதியதும் என் வாயில் வந்தது வேறு. "எர்த் இருக்கான்னு பாத்துக்கோ" என்றேன். "அதெல்லாம் பாத்துக்கிடுவேன்ப்பா. அந்த மைக் செட் சாமுவேல் மாதிரி ஆளுககிட்ட இன்னொரு தடவ மாட்ட மாட்டேன்" என்றாய். ரயில் நகர்ந்துவிட்டது. கனி போகலாமா என்று கேட்டது கூட எனக்குக் காதில் விழவில்லை.

முதலில் ஒயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது. பெடலுக்குப் பெடல் போகிற ஒயர் ஒரு சாண்தானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கிட்டாரிலிருந்து வருகிற கரண்ட் கொசுவின் சத்தம் மாதிரி. ஆம்ப்ளிஃபயர் அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்குகிறது. வழியில் அந்த ஒரு சாண் ஒயரில் ஏதாவது இரைச்சல் ஏறிக்கொண்டால் அதுவும் ஆயிரம் மடங்காகத்தான் வெளியே வரும். அதனால்தான் ஷீல்டு ஒயர் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு செம்பு நரம்பு, அதைச் சுற்றி ரப்பர், அந்த ரப்பரைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியால் பின்னிய வலை. வெளியிலிருந்து வருகிற இரைச்சலை அந்த வலை பிடித்து எர்த்துக்குக் கொண்டுபோய்விடும், உள்ளே விடாது. கடையில் ஒயர் காட்டினால் நுனியை உரித்துக் காட்டச் சொல். வலை நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டும். நாலு கம்பியைச் சும்மா சுற்றிவிட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. ஒயர் நுனியில் போடுகிற ஜாக் பின் வாங்கும்போது மூடியைத் திருகிப் பார், ஆடக்கூடாது. நீயே பற்ற வைப்பதானால், ஈயம் வைப்பதற்கு முன் மூடியை ஒயரில் கோத்துக்கொள்ள மறக்காதே. நான் இந்த ஆறில் இரண்டை அப்படி மறந்து, பற்ற வைத்ததை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். வலையிலிருந்து பிரிகிற ஒரு கம்பி கூட நடு நரம்பைத் தொடாமல் முறுக்கிவிடு. முனையைச் சூடு பண்ணி அதன் மேல் ஈயத்தை உருக விடு. சால்டரிங் அயர்னில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பாதே, அது ஒட்டியது போல இருந்துவிட்டு நீ மிதிக்கிற நாளில் விட்டுவிடும். உன் ஆறு ஒயரையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். அவற்றில் குறை இல்லை.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரிந்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பு, உன் மாமா மகள் ரோசலின் கல்யாணத்தின்போதும் தெரியும். அதுதான் விஷயம்.

நீ அப்போது கையில் இரண்டே பெடல் வைத்திருந்தாய். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. ஆம்ப்ளிஃபயரும் அவர் மூலமாக வந்ததுதான், வால்வு வைத்த பழைய அமெரிக்கப் பெட்டி. நான்தான் அதை நம் ஊர்க் கரண்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நீ வந்து பெடல்களுக்கு நடுவில் போட ஒரு சின்ன ஒயரும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போக ஒரு நீள ஒயரும் கேட்டாய். ஷீல்டு ஒயர் தூத்துக்குடியில் அன்றைக்குக் கிடைக்கவில்லை. மதுரைக்குச் சொல்லிவிட்டால் வந்திருக்கும், இல்லை ஒரு நாள் லீவு போட்டு நானே போயிருக்கலாம். துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருஷம் எலெக்ட்ரீசியனாக இருந்தவனுக்கு ஒரு கிட்டார் ஒயருக்காக மதுரைக்குப் போவது கேவலமாகப் பட்டது. வீட்டில் காலிங் பெல்லுக்குப் போட்டு மிச்சமிருந்த இரட்டை ஒயரை வெட்டி, இரண்டு பக்கமும் ஜாக் பின் வைத்துப் பற்ற வைத்துக் கொடுத்தேன். வலை இல்லாத வெறும் ஒயர். "இது போதுமாப்பா?" என்று கேட்டாய். "கப்பலுக்கே போதுது, உனக்குப் போதாதாக்கும்" என்றேன். கப்பலில் பெல்லுக்குப் போடுகிற ஒயர் அது. உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கு வரவேற்பு. கூடத்தில் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். மைக் செட் போட்டவர் சாமுவேல். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து நம் ஊரில் கடை வைத்திருந்தார், உனக்குத் தெரியும். ஊரில் அவருக்குச் சொந்தம் பந்தம் யாருமில்லை. ஆனால் வேலை சுத்தம். கூடத்துக்கு வெளியே மண்ணில் அவரே ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றி, தன் மைக் செட்டுக்கு எர்த் எடுத்திருந்தார். என்னிடம் வந்து, "அண்ணாச்சி, தம்பியோட ஆம்ப்ளிஃபயருக்கும் என் எர்த்திலேயே குடுத்துருவோம். ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லது. அவன் கிட்டாரப் புடிச்சுக்கிட்டே மைக்ல பாடப் போறான்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் எனக்கு அவர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்ததே என்று இருந்தது. "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கூடத்துச் சுவரில் இருந்த ப்ளக்கிலேயே உன் ஆம்ப்ளிஃபயரைச் செருகினேன்.

நீ ஸ்விட்ச் போட்டதும் என்ன வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வண்டு மாதிரி ஓர் இரைச்சல், அதற்குள்ளே கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோவில் யாரோ பேசுகிற குரல். முன்வரிசையில் சிரித்தார்கள். உன் முகம் செத்துப் போயிற்று. "என்னப்பா இப்பிடி இரையுது?" என்று என் காதோரம் கேட்டாய். உன் இன்னாசி மாமா, பெண்ணின் தகப்பன் வேறு, மேடை ஓரத்தில் வந்து நின்று, "மச்சான், ஆரம்பிக்கப் போறானா, இல்ல நாதசுரத்தக் கூப்பிடட்டா?" என்று அவசரப்படுத்தினார். எனக்கு அந்த நிமிஷமே தெரியும், குற்றம் நான் செய்த ஒயரில்தான் என்று. சாமுவேலிடம் மைக் ஒயர் கேட்டிருந்தால் அறுத்துக் கொடுத்திருப்பார். அத்தனை பேர் முன்னால் அதை எப்படிக் கேட்பது? அந்தக் கூடத்து எர்த்தும் சுத்தமில்லை, ஃபேன்களின் கசிவெல்லாம் அதில் ஏறி வந்தது. நான் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றி, நுனியை மடக்கி உள்ளேயே வைத்து மூடினேன். பச்சை ஒயர் என்றால் எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற ஒயர், அது உனக்கே தெரியும். இரைச்சல் பாதியாக அடங்கியது. ரேடியோ பேச்சு காணாமல் போயிற்று. நீ என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அதில் நான் நிறைந்து போனேன்.

அந்தப் பழைய பெட்டிக்குள் ஒரு கண்டென்சர் உப்புக் காற்றில் கெட்டுப் போயிருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன். பச்சை ஒயர் இருந்திருந்தால், அது கசிந்த உடனே ஃப்யூஸ் போயிருக்கும், பாட்டு நின்றிருக்கும், அவ்வளவுதான். பச்சை ஒயர் இல்லாததால் கரண்ட் பெட்டியின் தகரத்துக்கு வந்து, அங்கிருந்து நான் செய்த ஒயர் வழியாக உன் கிட்டார்க் கம்பிக்கு வந்து காத்துக்கொண்டிருந்தது. மூன்று பாட்டு வரை நீ மைக் பக்கம் போகவில்லை. நாலாவது பாட்டுக்கு நீ பாட வேண்டும். இடது கை கம்பியில் இருக்க, முகத்தை மைக்குக்குக் கொண்டுபோனாய். உதடு மைக்கைத் தொட்டது. சாமுவேல் ஒழுங்காக எர்த் பண்ணியிருந்த மைக். கரண்டுக்கு அதற்கு மேல் நல்ல வழி கிடைக்காது. உன் கையிலிருந்து வாய் வரை உன் உடம்பே ஒயராகிவிட்டது.

உன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. நீ அப்படியே விறைத்து நின்றாய். நீ ராகம் இழுக்கிறாய் என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர் சாமுவேல்தான். அவர் மேடைக்குத் தாவி, ரப்பர் செருப்புக் காலால் மைக் ஸ்டாண்டை எட்டி உதைத்தார். நீ விழுந்தாய். விழுந்த பிறகும் விரல் கம்பியை விடவில்லை. அவர் ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் உன் கை அவிழ்ந்தது. அன்றைக்கு உன் உயிரைக் காப்பாற்றியது அவர் கால். அந்தக் காலைத்தான் பிறகு உடைத்தார்கள்.

இனி எழுதப் போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். உன் அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வந்ததற்கு ஜீப் தேடி அலைந்தேன் என்று காரணம் சொன்னேன். நீயும் அதை நம்பினாய், உன் அம்மாவும் நம்பினாள். நான் ஜீப் தேடவில்லை, சூசை. நான் மேடையில் மண்டியிட்டு, பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் அந்த ப்ளக்கைத் திறந்து பச்சை ஒயரைப் பழையபடி முடுக்கிக்கொண்டிருந்தேன். நீ உயிரோடு இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அதைச் செய்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மெயின் ஸ்விட்ச் பக்கத்திலிருந்து சாமுவேல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உன் மாமா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மச்சான், நீங்க ஒயர்க்காரரு. சொல்லுங்க. கரண்ட் எங்கிருந்து வந்துது?"

நான் சொன்னது இரண்டே வார்த்தை. "மைக்ல இருந்து."

அவ்வளவுதான். "ஏலே, எம்புள்ளய கொன்னுட்டியல" என்று உன் மாமா பாய்ந்தார், கூட ஏழெட்டுப் பேர். சாமுவேல் ஒரு தடவை, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். இரண்டாவது தடவை கத்த அவரை விடவில்லை. அவருடைய பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்தார்கள். குழாய் ஸ்பீக்கர்களை மிதித்தார்கள், கீழே விழுந்த அவர் காலையும் மிதித்து உடைத்தார்கள். நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிடித்தது ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருந்த கை.

மறுநாள் காலை, உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சாமுவேல் நம் வீட்டுக்கு வந்தார். வாடகை வண்டியில் வந்து, மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒரு கம்பை ஊன்றி இறங்கினார். உள்ளே வரவில்லை.

"தம்பி எப்பிடி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பொழச்சுக்கிட்டான்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." கம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அண்ணாச்சி, நான் பாத்தேன்" என்றார்.

"என்னத்தப் பாத்திய?"

"ப்ளக்கத் திறந்தத. நான் யாருட்டயும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க. புள்ள பொழச்சாச்சு, இனி உங்கள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாவ. நான் இந்த ஊர்ல தொழில் பண்ணணும் அண்ணாச்சி."

அவர் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. அடுத்த வேலை என்ன என்று சொல்வது போலச் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நீரு சொன்னா இந்த ஊர்ல யாரு நம்புவா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். ஒரு மாதத்தில் கடையைக் காலி பண்ணிக்கொண்டு ஓட்டப்பிடாரம் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். வேலை போய்விடும் என்று பயம். ஒயரிங் என்றால் என்னைக் கேட்டுத்தான் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது, அது போய்விடும் என்று பயம். இவற்றைவிடப் பெரிய பயம், நீ கண் விழித்து, உன் விரலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்ப்பாயே என்பது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது முடியவில்லை. நீ அதை வளர்த்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு அதை ஊட்டியவன் நான். நாலு மாதம் கழித்து, விரலில் கட்டு அவிழ்க்காமலே நீ பஸ் ஸ்டாண்டில் சாமுவேலைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால் வலது கையால் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்தாய். "போட்டுட்டேன்ப்பா ஒண்ணு" என்று என்னிடம் சொன்னாய். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், "சரி விடு, போட்டும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். உன் மாமா அடித்ததற்கு நான் காரணம். நீ அடித்தது அதைவிட மோசம், ஏனென்றால் உன்னை நான் பெற்றேன், உன் கையை நான் வீணாக்கினேன். கம்பியில் வெந்தது இடது கை, அவர் கன்னத்தில் கெட்டுப்போனது வலது கை. இரண்டும் என்னால்தான்.

நீ ஆறேழு மாதம் அந்த இரண்டு விரலையும் மடக்கி நீட்டி, கண்ணில் தண்ணீரோடு மறுபடி கிட்டார் பழகினாய். பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். தப்பாக விழுகிற ஒவ்வொரு ஸ்வரமும் எனக்குத்தான். எமர்ஜென்சி வந்தது, போனது, புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து கட்டின, எனக்குத் தலைமை எலெக்ட்ரீசியன் என்று பதவி உயர்வும் வந்தது. எல்லாரும் கை கொடுத்தார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த இரண்டாம் நாள் மதுரைக்குப் போய் ஷீல்டு ஒயர் வாங்கி வந்தேன். அன்றைக்குப் போகாத மதுரைக்கு இப்போது போனேன். ஆறு ஒயரையும் முடித்து, மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இதைப் பேசாமல் அனுப்பினால் நீ கண்ணை மூடிக்கொண்டுதான் மிதிப்பாய் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஓட்டப்பிடாரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சாமுவேல் ஒரு தகரக் கொட்டகையில் கிணற்று மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். எழுந்தபோது இடது கால் இழுத்தது. அவர் என்னை உட்காரச் சொல்வதற்குள் அவருடைய சம்சாரம் வாசலுக்கு வந்துவிட்டாள். "அஞ்சு வருசம் கழிச்சு இப்ப எதுக்கு வந்திய? இன்னும் எதாவது உடைக்காம விட்டிருக்கியளா?" என்று கேட்டாள். சாமுவேல், "இரு ஏளா, என்னன்னு கேப்போம்" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. ஆனால் அவர் சம்சாரத்துக்கு அது புதிது. "இந்த மனுசன் எங்கிட்ட கூடச் சொல்லலியே" என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் யாருட்டயும் சொல்லல?" என்று நான் கேட்டேன். எனக்கு அந்தக் கேள்வி கேட்கிற தகுதி இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"சொன்னா யாரு நம்புவான்னு நீங்கதான கேட்டிய." அவர் காயிலைக் கீழே வைத்தார். "ஆனா பஸ் ஸ்டாண்டுல உங்க மவன் என்னைய அடிச்சான் பாருங்க, அப்ப சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துட்டு. அவன் கையில கட்டோட நிக்கான். ஒன்னையக் கெடுத்தது ஒன்னப் பெத்த அப்பன்தாம்லன்னு எப்பிடிச் சொல்ல? பச்சப் புள்ள மூஞ்சி. முழுங்கிட்டேன்."

என்னால் அங்கே அழ முடியவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு உங்க மன்னிப்பு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு யாரு யாரு கை நீட்டினாவளோ அவுக முன்னால சொல்லுங்க. நானும் வந்து நின்னு கேக்கணும். அப்புறம் உங்க மவனுக்குச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப அன்னைக்கு ஜீப் தேடலியா?" இல்லை என்றேன். கையைக் கழுவிவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பதினொரு மணிக்கு, உன் இன்னாசி மாமா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அன்று அடித்தவர்களில் ஐந்து பேர், ரோசலின், அவள் புருஷன், உன் அம்மா. சாமுவேலும் அவர் சம்சாரமும் பஸ்ஸில் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நான் ஒயர் செய்ததிலிருந்து, ப்ளக்கை மூடியது வரை, நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தை வரை சொன்னேன். உன் மாமா எழுந்தார். என்னை அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் சாமுவேல் முன்னால் நின்றார். "மொதல்ல கை நீட்டினது நான்தான்" என்றார். சாமுவேல், "தெரியும் அண்ணாச்சி. அந்த மூஞ்சி ஒண்ணும் எனக்கு மறக்கல" என்றார். ரோசலின் கலர் சோடா உடைத்து டம்ளரில் கொண்டுவந்தாள். சாமுவேல் சம்சாரம் அதை வாங்கவில்லை. "எல்லாரும் கேட்டாச்சில்லா? அப்ப நாங்க பொறப்படுதோம்" என்று சொல்லிவிட்டு, புருஷன் கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அவர் இனி நம் ஊருக்குக் கடை வைக்க வரவும் மாட்டார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனிடமும் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை. நான் முடித்த வேலையை இப்போது இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். உன் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. இந்தப் பார்சலுக்குத் துணி தைத்தது அவள்தான். நான் எழுத உட்கார்ந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள். "மழுப்பாம எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் தபால்ல போடுவேன்." ஆகையால் நீ இதைப் படிக்கிறாய் என்றால், அவள் படித்து, இதில் எதுவும் குறையவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? இரைச்சல் வந்தால் அது எங்கிருந்து வருகிறதோ அங்கே போய்ச் சரி பண்ணு. வேறு எதையாவது கழற்றி அடக்காதே. ஆட்கள் காத்திருக்கட்டும், சிரிக்கட்டும், நாதசுரத்தைக் கூப்பிடட்டும். உனக்குத் தெரியாததை ஒருவன் சொன்னால் அவன் எந்த ஊர்க்காரன் என்று பார்க்காதே. நாளைக்கு உனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறக்கும். அவர்களுக்கு முன்னால் தப்புப் பண்ணிவிட்டு நிற்க நேர்ந்தால், நின்றுவிடு. நான் பக்கத்துக் கதவு வழியாகப் போனேன். அங்கிருந்து திரும்பி வர எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

தாளின் பின்பக்கத்தில் சாமுவேலின் விலாசம் எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன் அவருக்கு எழுது. மாமாவின் அடிக்கு மாமா போய் நின்றார், என் பொய்க்கு நான் நின்றேன். பஸ் ஸ்டாண்டில் நீ அறைந்ததற்கு உனக்குப் பதிலாக நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அது எனக்கும் அவனுக்கும்" என்றார் சாமுவேல்.

எனக்கு எழுத உனக்கு எத்தனை நாளானாலும் ஆகட்டும். அதுவரை அம்மாவுக்கு எழுது, அவள் அதை எனக்கு வாசித்துக் காட்ட மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். நீ எழுதியிருக்கிறாய் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

உன் அப்பன்